சாம்பல் ஐந்து

மூன்றாவது தடவையும் வெடித்துவிட்டது.

வெடித்தது என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. பெட்டியின் மேல்மூடி படாரென்று திறந்து, இரண்டு கரண்டி முகப்பவுடர் கிளம்பி, எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்கிலும் புருவத்திலும் அப்பிக்கொள்ளும். அவ்வளவுதான். அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தது என் மனைவி சுபிக்ஷா. அன்றைக்கு எங்களுடைய இருபத்து நான்காவது திருமண நாள். கோயிலுக்குப் போகலாம் என்றேன். "வருசா வருசம் சாமியையே தொந்தரவு பண்ணோணுமா?" என்று சொல்லி, பேக்கரி மாடியில் புதிதாகத் திறந்திருந்த பழைய காலத்து விளையாட்டுகளை ஆடவிடும் இந்தக் கடைக்கு இழுத்துவந்தவள் அவள்தான்.

"ஏனுங்க, நீங்க புத்தகத்தப் பார்த்துச் சொல்றீங்களா, இல்ல வாய்க்கு வந்ததச் சொல்றீங்களா?" என்று போனில் தும்மிக்கொண்டே கேட்டாள்.

"நான் சரியாத்தான் சொல்றேன். நீ பார்க்கறதுதான் தப்பு."

"ஆமா, தப்பெல்லாம் எம்பேர்லதான்."

விளையாட்டு இதுதான். ஓர் அறையில் வெடிகுண்டுப் பெட்டி. அதில் நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், நிறத்தின் மேல் ஓர் எண். பெட்டியைப் பார்க்கிறவருக்கு அந்த எண்ணை என்ன செய்வது என்று தெரியாது. பக்கத்து அறையில் விதிப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறவருக்குப் பெட்டி தெரியாது. நடுவில் சுவர், பேசிக்கொள்ள ஒரு போன். சிவப்பு என்றால் எண்ணை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். நீலம் என்றால் ஒன்பதிலிருந்து கழிக்க வேண்டும். மஞ்சள் என்றால் இரட்டிப்பு, ஆரஞ்சு என்றால் மூன்று கூட்டல். சாம்பல் என்றால் அந்த எண் செல்லாது, பூஜ்யம். கிடைக்கும் நான்கு எண்களையும் ஐந்து நிமிடத்துக்குள் பெட்டியில் அழுத்தினால் மணி அடிக்கும். தப்பினால் பவுடர். கல்யாணத்துக்கு ஏற்ற விளையாட்டுதான்.

உண்மையைச் சொன்னால் எனக்குத் தோற்பது பற்றிக் கவலையே இல்லை. என் கவலை என் சொந்தப் போனுக்குள் இருந்தது. எத்தியோப்பியாவில் எங்கள் கம்பெனி தொடங்கும் சாயப்பட்டறைக்கு இரண்டு வருடம் போகச் சம்மதமா என்று கேட்டு ஒரு கடிதம் வந்திருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். அன்று ஞாயிறு. சுபிக்ஷாவிடம் நான் மூச்சு விடவில்லை. அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போவதில்லை, சொல்லாவிட்டால் போய்விடுவது என்று எனக்குள்ளேயே ஒரு பந்தயம் கட்டியிருந்தேன்.

அந்த வாக்கியத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன் நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் புதுசு. செங்கல் நிறத்தில் அறுநூறு கிலோ துணி கேட்டிருந்தார்கள். நான் தசமப் புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்ததில், மஞ்சள் சாயம் பத்து மடங்கு விழுந்துவிட்டது. மிஷினிலிருந்து வெளியே வந்தது துணி இல்லை, தீ. அப்படி ஓர் ஆரஞ்சு. மொத்தமும் ரிஜெக்ட். வேலை போகும் என்று எல்லோரும் சொன்னார்கள். போனால் போகட்டும் என்று அந்தத் துணியிலேயே காலர் வைத்து ஆறு சட்டை தைத்து, ஒன்றைப் போட்டுக்கொண்டு மறுநாள் கம்பெனிக்குப் போனேன். பேக்கிங் செக்ஷனில் இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும் டீயைக் கீழே கொட்டிவிட்டு, "தீயணைப்பு ஆபீசுக்குப் போன் போடட்டுங்களா?" என்றாள். வேலை போகவில்லை. அந்தப் பெண்தான் சுபிக்ஷா.

அதிலிருந்து ஒவ்வொரு திருமண நாளிலும் அந்தச் சட்டைதான். அவளும் ஒவ்வொரு வருடமும், முதல் முறை பார்ப்பது போலவே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, அதே வாக்கியத்தைச் சொல்வாள். இருபத்தொரு வருடம் சொன்னாள். கடைசி மூன்று வருடமாகச் சொல்லவில்லை. நான் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தாலும், "காபி ஆறுது" என்பதோடு சரி. அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான். ஆறில் நான்காவது சட்டை அது. நான் அதைப் போட்டிருக்கிறேன் என்பதையே அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அங்கேதான் 'இதம்' வருகிறது.

இதம் என்பது கண்ணில் ஒட்டிக்கொள்ளும் வில்லை. மூன்று வருடமாக ஊரில் முக்கால்வாசிப் பேர் கண்ணில் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும், வீட்டில் இருப்பவர்களுக்கும் கட்டாயம். கண்ணின் ரத்தக்குழாயிலிருந்து அது நாடி பார்க்கும். ஏதாவது நிறத்தைப் பார்த்து உங்களுக்குப் படபடப்பு வந்தால், அந்த நிறத்தை அதன்பிறகு உங்கள் கண்ணுக்கு மட்டும் மழுக்கிவிடும். முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு, கடைகளின் கண்ணைப் பறிக்கும் பலகைகள், எல்லாம் அடங்கிவிட்டன. சும்மா சொல்லக்கூடாது, விபத்து குறைந்தது. என் ரத்த அழுத்த மாத்திரை பாதியானது. சாலை விளக்கில் நில் என்பதற்குச் சதுரம், போ என்பதற்கு வட்டம் என்று மாற்றிவிட்டார்கள். அவரவர் கண்ணுக்கு அவரவர் உலகம் என்று ஆனபிறகு, ஒருவரிடம் நிறத்தைப் பற்றிப் பேசுவது வயதைக் கேட்பதைவிட அநாகரிகமாகிவிட்டது. யாருக்கு எதைப் பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்பது அவரவர் அந்தரங்கமாம். பூக்காரம்மாகூட "மணத்தப் பாத்து வாங்குங்க" என்றுதான் கூவுகிறாள். பட்டறையில் ஷேடு, அதாவது துணியின் நிறம் சரிதானா என்று பார்ப்பதும் மிஷின்தான். எனக்கு அதில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளும் வேலை.

எனக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நானே லேபில் கலந்து, மயில் கழுத்து நிறத்தில் ஒரு சேலைக்குச் சாயம் போட்டுக் கொடுத்தேன். பூ, கொடி ஒன்றும் கிடையாது, வெறும் நிறம். திருமண நாளில் நான் ஆரஞ்சு, அவள் மயில் கழுத்து. அவள் வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும், லேபில் துணியைப் பார்த்துச் சொல்வது போல நான் "ஷேடு பாஸ்" என்பேன். எனக்குத் தெரிந்த ஒரே கொஞ்சல் அதுதான். அதையும் ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் சொல்வேன், லேபில் அதுதான் சட்டம். இப்போது மூன்று வருடமாக அவள் ஏதோ ஒரு சாம்பல் சேலையைச் சுற்றிக்கொள்கிறாள். அவள் வாக்கியத்தைச் சொல்லவில்லை, நானும் பாஸ் போடவில்லை. அந்தச் சாம்பலுக்கு எவன் பாஸ் போடுவான்?

ஆக, விதிப் புத்தகத்தின் முன் நான் உட்கார்ந்திருந்த லட்சணம் இதுதான்.

நான்காவது ஆட்டம் தொடங்கியது.

"மொதல்ல சிவப்பு, நாலு," என்றாள்.

"நாலு."

"நீலம், ஏழு."

"ஒம்பதுல ஏழு போனா ரெண்டு."

"மஞ்சள், மூணு."

"ஆறு. கடைசி?"

"சாம்பல், அஞ்சு."

"சாம்பலா? நல்லாப் பாரு புள்ள. ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஒரு சாம்பல் சொல்றே."

"இருக்கறதத்தானுங்க சொல்ல முடியும்? இல்லாத கலருக்கு நான் எங்க போவேன்?"

"சரி, பூஜ்யம். நாலு, ரெண்டு, ஆறு, பூஜ்யம். அழுத்து."

புஸ்.

அவள் தும்முவதைக் கேட்டுக் கடைக்காரர் இம்தியாஸ் துண்டோடு ஓடிவந்தார். முப்பத்தைந்து வயது, கலகலப்பான மனிதர். கண் வறட்சி என்பதால் இதம் போடாத சிலரில் ஒருவர். நானும் எழுந்து பெட்டி அறைக்குப் போனேன். பவுடருக்கு நடுவே நான்கு கட்டங்களும் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. நான்காவது கட்டம் பளபளவென்று ஆரஞ்சு.

"இதப் போயிச் சாம்பல்ங்கிறியே!" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளையாட்டுல மனசில்லீன்னா வந்திருக்கவே வேண்டாம்."

"எனக்கா மனசில்ல? கூப்புட்டதே நானுங்க!"

"அண்ணா, ஒரு நிமிசமுங்ணா," என்று இம்தியாஸ் குறுக்கே வந்தார். "அந்தப் புத்தகம் எங்கிட்ட இருக்கற நாலு பொட்டிக்கும் பொது. இந்தப் பொட்டில சாம்பல் கட்டமே கெடையாது. அக்கா, உங்க கண்ணுக்கு இது சாம்பலாவா தெரியுது?"

"சாம்பல்தானுங்க. அடுப்புச் சாம்பலாட்ட."

இம்தியாஸ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "நான் இந்தக் கடைக்கு முன்னாடி ரெண்டு வருசம் இதம் மாட்டிவிடற கடைலதான் வேல பாத்தேன். அக்கா, கேக்கறது மரியாதையில்ல, தெரியும். போன்ல இதத்தோட மாற்றுப் பட்டியல்னு ஒண்ணு இருக்கும், பாத்திருக்கீங்களா?"

"அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாதுங்களே."

"யாருக்குந் தெரியாது. ஏழு பக்கம் தள்ளி உள்ள ஒளிச்சு வெச்சிருப்பாங்க."

அவளே போனை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஏழாவது பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. மழுக்கிய நிறம்: ஆரஞ்சு. காரணம்: படபடப்பு. நாடி எழுபத்து நாலிலிருந்து நூற்றுப் பதினெட்டு. தேதி, மூன்று வருடத்துக்கு முந்தைய எங்கள் திருமண நாள். நேரம், காலை ஆறு நாற்பது.

"கம்பெனில மாட்டிவிட்டு ஒரு வாரந்தான் ஆயிருந்துச்சு," என்றாள் சுபிக்ஷா. "எதப் பாத்துப் பயந்தேன்னு தெரியிலீங்களே."

"பயந்தீங்கன்னு யாரு சொன்னாங்க?" என்றார் இம்தியாஸ். "அதுக்கு நாடி மட்டுந்தானுங்க்கா தெரியும். பயத்துல அடிச்சாலும் அதே துடிப்பு, சந்தோசத்துல அடிச்சாலும் அதே துடிப்பு. எது எதுன்னு பிரிக்க அதுக்கு வழியில்ல. அதச் செஞ்சவங்ககிட்ட நாங்க கேட்டோம். பிரிக்கப் பாத்தா நேரமாகும், ரெண்டையும் சேத்து அடக்கிட்டா ஒரு தொந்தரவுமில்லீன்னாங்க. ஜனங்களும் ஒரு புகார் குடுக்கல. காணாமப் போனது என்னன்னு தெரிஞ்சாத்தான புகார் குடுக்க?"

இம்தியாஸ் மெதுவாகத் திரும்பி என் சட்டையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். நான் உதட்டில் விரல் வைத்தேன். எனக்கு விளங்கிவிட்டது. நூற்றுப் பதினெட்டு! மூன்று வருடமாக ஒரு பெண் தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்த இந்தக் கிறுக்கனின் சட்டைக்கு நூற்றுப் பதினெட்டு! அங்கேயே ஒரு குத்தாட்டம் போட்டிருப்பேன். ஆனால் அதை அவளே பார்க்க வேண்டும், நான் சொல்லித் தெரியக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

"இன்னொரு ஆட்டம் ஆடலாம் புள்ள. கண்ணுல இருக்கறதக் கழட்டிட்டு ஆடு," என்றேன்.

"தலை வலிக்குமுங்க. வெளிச்சம் கூசும்." இதத்தைக் கழற்றினால் அப்படித்தான். அதனால் மாதம் ஒரு தடவை, விளக்கை அணைத்துவிட்டுத்தான் கழுவி மாட்டிக்கொள்வோம்.

"அஞ்சு நிமிசந்தான?"

நான் கதவைச் சாத்திக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் இம்தியாஸ் அவளுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் கொடுப்பதும், பவுடரைத் துடைப்பதும் கேட்டது. அவரே பெட்டியை முந்தின ஆட்டத்துக்குத் திருப்பி வைத்தார். கடிகாரம் ஓடத் தொடங்கியது.

"சிவப்பு, நாலு," என்றாள். "யப்பா, என்ன கூச்சம்! கண்ணுல தண்ணியா ஊத்துது. நீலம், ஏழு. மஞ்சள், மூணு."

"நாலு, ரெண்டு, ஆறு. கடைசி?"

கடிகாரத்தில் மூன்று நிமிடம் இருந்தது. இரண்டரை ஆனது. அவள் மூச்சுவிடுவது மட்டும் போனில் கேட்டது.

"ஏ புள்ள, இருக்கியா?"

"இருக்கேனுங்க."

"நாலாவது கட்டம் என்ன கலரு?"

இரண்டு நிமிடம். ஒன்றே முக்கால். நிஜமான வெடிகுண்டாக இருந்தால்கூட இத்தனை தவித்திருக்க மாட்டேன்.

"ஏனுங்க," என்றாள். குரல் இளகியிருந்தது. "தீயணைப்பு ஆபீசுக்குப் போன் போடட்டுங்களா? அஞ்சு."

மூன்று கூட்டினால் எட்டு. இந்தக் கணக்கைச் சொல்ல எனக்குப் பத்து விநாடி ஆயிற்று, அழுதுகொண்டே கூட்ட வராது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மணி கணகணவென்று அடித்தது. கதவைத் திறந்துகொண்டு, கண்ணைச் சுருக்கியபடி அவள் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். புருவத்தில் பவுடர், கன்னத்தில் தண்ணீர். ஒரு கை தானாகப் போய் நெஞ்சில் உட்கார்ந்தது.

"இதயேவா மூணு வருசமாப் போட்டுட்டு வந்தீங்க?"

"வேற எதப் போடுவேன்?"

"அட கடவுளே! நீங்க சாம்பல் சட்டையில வந்து நிக்கறப்ப நான் என்னங்க சொல்லறது? இவருக்கு அந்தச் சட்டையும் சலிச்சுப் போச்சு, நானும் சலிச்சுப் போயிட்டேன்னுதான் நெனச்சேன். கலரக் கேட்டா நல்லாவா இருக்கும்னு வாய மூடிட்டு இருந்தேன்." சட்டையின் காலரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். "அப்ப நான் பொட்டிய மறுபடியும் பரண்ல ஏத்திரலாமுங்களா?"

"எந்தப் பொட்டி?"

"காலைல மாடில வெயில்ல கெடந்துச்சே, பெரிய சூட்கேசு, பாக்கலீங்களா? எத்தியோப்பியாவுக்கு அது பத்துமா பத்தாதான்னு வேற ரோசன பண்ணீட்டு இருந்தேன். உங்க மேனேஜர் சம்சாரம் போன வாரமே எங்கிட்டச் சொல்லிருச்சு. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அந்தச் சூட்கேசை நான் பார்த்தேன். பூசணம் பிடித்துவிட்டது போல, காய வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போனேன். தன் பயணத்துக்குத்தான் பெட்டி காய்கிறது என்று தெரியாமல் ஒருவன் இருக்க முடியுமா? இருந்தேன். அங்கேயே போனை எடுத்து, 'வர இயலாது, வீட்டில் வேலை இருக்கிறது' என்று எழுதி அனுப்பினேன். திங்கட்கிழமை வரை காத்திருப்பானேன். அனுப்பி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. வெகுநாள் கழித்து நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்கவும் இல்லை.

"அக்காவுக்குத்தான் இப்படி," என்று பெருமையாக இம்தியாஸிடம் சொன்னேன். "எங்கண்ணு லேபுக் கண்ணு. எதையும் தவற விடாது."

சுபிக்ஷா கொசுவத்தை நீவிவிட்டுக்கொண்டு நேராக நின்றாள். "அப்படீங்களா? அப்ப மூணு வருசமா எஞ்சேலையப் பத்தி ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"அதுக்கென்ன," என்றேன். இருந்த சந்தோஷத்தில் தாராளமாகவே வந்தது. "சாம்பல் சேலையா இருந்தாலும் உனக்கு நல்லாத்தான் இருக்குது."

அவளும் இம்தியாஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணா," என்றார் இம்தியாஸ், ரொம்ப மரியாதையாக. "உங்க போனைக் கொஞ்சம் குடுங்ணா."

ஏழு பக்கம் தள்ளினார். அங்கேயும் ஒரே ஒரு வரி. அதே தேதி. காலை ஆறு ஐம்பது. அவளுக்கு அடுத்த பத்தாவது நிமிடம். அன்றைக்கு அவள் குளித்துவிட்டு, சேலையைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்த நேரம்.

"நூத்தி இருவத்தி ஒண்ணு," என்று படித்தார். "அக்காவ விட மூணு கூட."

"மூணு கூடவா?" சுபிக்ஷாவின் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

மிச்சமிருந்த தண்ணீரில் விரலை நனைத்து வில்லைகளைக் கழற்றினேன். வெளிச்சம் ஊசியாய்க் குத்தியது. கண்ணை மூடி, திறந்து, மறுபடி மூடி, திறந்தேன். பச்சையும் இல்லாத, நீலமும் இல்லாத அந்த நிறம் என் எதிரே நின்றது. நான் கலந்தது. எத்தனை கிராம் நீலம், எத்தனை கிராம் மஞ்சள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். கொஞ்சம்கூட வெளுக்கவில்லை. மூன்று வருடம் இதைத்தான் என் கண் முன்னால் உடுத்திக்கொண்டு, நான் சொல்லப்போகும் ஒற்றை வார்த்தைக்காக இவள் காத்திருந்திருக்கிறாள்.

"சொல்லுங்க," என்றாள். "மூணு வருசத்துக்கும் சேத்து மூணு தடவ. இந்த வருசத்தோடது கடைசியா."

"பாஸ்," என்றேன்.

"ம்."

"பாஸ்."

மூன்றாவது வரவில்லை. அந்த அறையில் ஜன்னலைத் தேடினேன், இல்லை. படிக்கட்டில் அடுத்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் செருப்புச் சத்தத்தோடு ஏறிவந்தார்கள். இம்தியாஸ் துண்டால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியில் பவுடர் நிரப்பப் போனார்.

"மூணாவது எங்கீங்க?" என்றாள் சுபிக்ஷா.

"இந்த ட்யூப்லைட்டுக்கடியில எப்படிப் போடறது?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வெளிய வா. இன்னும் வெயில் இருக்குது. பகல் வெளிச்சத்துல பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."